ஐந்து நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கிறது?

இணையத்தில் மிக்ஸி தேடுகிறீர்கள். ஒன்றுக்கு 5 நட்சத்திரம்; மதிப்பிட்டவர்கள் 4 பேர். இன்னொன்றுக்கு 4.4, மதிப்பிட்டவர்கள் 2,000 பேர். நம்மில் பலர் இரண்டாவதைத்தான் எடுப்போம். அதற்குப் பின்னால் உறுதியான கணக்கு ஒன்று உண்டு.

பொருளை யாரும் மதிப்பிடும் முன்பே, 20 பேர் 4 நட்சத்திரம் கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். (எண்கள் உதாரணத்துக்குத்தான். அந்த வகைப் பொருட்களின் பொதுவான சராசரியைப் பார்த்து இதை முடிவுசெய்யலாம்.) இந்தக் கற்பனை மதிப்பீடுகளையும் சேர்த்தால் முதல் மிக்ஸி 4.17க்கு இறங்கிவிடும். இரண்டாவது 4.4ஐ விட்டு அசையாது. பேயஸ் சராசரி என்பது இதுதான்: சான்று குறைவாக இருக்கும்போது பொதுச் சராசரியின் பக்கம் இழுத்துவைக்கும்.

சரி, நிறைய பேர் எழுதியிருந்தால் நம்பிவிடலாமா? அங்கேதான் சிக்கலே. வாங்கிய எல்லோரும் எழுதுவதில்லை. பொருள் பிடித்துப்போனவர் எழுதுகிறார், கொதித்துப்போனவர் எழுதுகிறார், 'பரவாயில்லை' என்று நினைத்தவர் பேசாமல் இருந்துவிடுகிறார். அதனால் அமேசான் மதிப்பீடுகளை வரைபடமாகப் போட்டால் 5இல் உயரமான தூண், 1இல் சின்னத் தூண், நடுவில் பள்ளம். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்ற அனைவரையும் மதிப்பிடச் சொன்னபோது அந்தப் பள்ளம் மறைந்தது. நான் 3 நட்சத்திர ரிவ்யூக்களை முதலில் படிப்பது இதனால்தான். குறையையும் நிறையையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் அங்கேதான் கிடைக்கிறார்கள்.

அப்புறம், முதலில் எழுதியவரின் நிழல் பின்னால் வருபவர்கள் மேல் விழுகிறது. முச்னிக், ஆரல், டெய்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. செய்தி பகிரும் தளம் ஒன்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு மட்டும் குலுக்கல் முறையில் ஒரே ஒரு ஆதரவு வாக்கை முன்கூட்டியே போட்டார்கள். அவற்றின் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. எதிர்ப்பு வாக்கு போட்டுப் பார்த்தபோது பின்னால் வந்தவர்கள் அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். பொய்யான பாராட்டைத்தான் யாரும் திருத்தவில்லை! பொருட்களை வைத்து நடந்த சோதனை இல்லை என்றாலும், காசு கொடுத்துப் பாராட்டு எழுதவைப்பவர்கள் ஏன் விற்பனை தொடங்கியதுமே முந்திக்கொள்கிறார்கள் என்பது இதிலிருந்து புரிகிறது.

பொய்யைப் பிடிக்க ஆய்வாளர்கள் அழகான ஒரு வழி கண்டார்கள். இரண்டு பயணத் தளங்களை எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்பீடியாவில் அதன் வழியாக அறை பதிவுசெய்தவர் மட்டுமே எழுத முடியும்; டிரிப்அட்வைசரில் யாரும் எழுதலாம். ஒரே ஹோட்டலுக்கு இரண்டிலும் வந்த மதிப்பீடுகளை மேஸ்லின், டோவர், செவாலியே 2014இல் ஒப்பிட்டார்கள். பக்கத்தில் எந்த ஹோட்டல் குழுமத்தையும் சேராத, சிறு உரிமையாளரின் ஹோட்டல் போட்டிக்கு இருந்தால், டிரிப்அட்வைசரில் மட்டும் மோசமான மதிப்பீடுகள் கூடுதலாக இருந்தன. எக்ஸ்பீடியாவில் பொய் எழுத முதலில் அறைக்குக் காசு கட்ட வேண்டும். எழுதுவதற்கு ஆகும் செலவு கூடினால் பொய் குறைகிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் கொண்டுவந்த ஐஎஸ் 19000 தரநிலையும் இந்தத் திசையில்தான் போகிறது. ரிவ்யூ எழுதுபவரை மின்னஞ்சல், கைபேசி போன்ற வழிகளில் தளங்கள் சரிபார்க்க வேண்டும், விலைக்கு வாங்கிய ரிவ்யூக்களை வெளியிடக் கூடாது என்கிறது அது. வந்தபோது அதைப் பின்பற்றுவது கட்டாயமாக்கப்படவில்லை.