தாதியாக விரும்பும் பிள்ளைக்குச் சிபார்சுக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரைக்குமான மாதங்களில், கையில் ஒரு கோப்போடு எங்கள் வைத்தியசாலை விடுதிப் பக்கம் வரும் பிள்ளைகளின் தொகை கூடும். தாதியாக வேண்டும் என்பது விருப்பம். அதற்கு முதல் கொஞ்சக் காலம் வைத்தியசாலையில் தொண்டராக நின்று பார்க்கலாமா என்று கேட்பார்கள். நல்ல யோசனைதான். கோப்பைத் திறந்தால் ஓ.எல் பெறுபேறு, முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ், கிராம அலுவலரின் நற்சான்று, அதோடு அதிபரோ ஆசிரியரோ பங்குத்தந்தையோ எழுதிய சிபார்சுக் கடிதம். நான் முதலில் எடுத்து வாசிப்பது அந்தக் கடிதத்தைத்தான். பெரும்பாலும் அதில் வாசிக்க ஒன்றும் இருக்காது.

“இவரைப் பல வருடங்களாக எனக்கு நன்கு தெரியும். நற்குணமும் நல்லொழுக்கமும் உடையவர். கடின உழைப்பாளி. இவருக்கு ஒரு சந்தர்ப்பம் வழங்குமாறு தயவாய் வேண்டுகிறேன்.” பெயரை மாற்றினால் இதே கடிதம் வங்கி வேலைக்கும் போகும், விசாவுக்கும் போகும். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். ஆனால் இந்தப் பிள்ளையை நோயாளியின் கட்டில் ஓரத்தில் விடலாமா என்ற என் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

தொண்டராக வருகிறவர் ஊசி போடப்போவதில்லை, குளிசை கொடுக்கப்போவதில்லை, காயத்துக்கு மருந்து கட்டப்போவதும் இல்லை. அவை பயிற்சி பெற்றவர்களின் வேலை. அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம் படிக்க வேண்டும், வவுனியாவிலும் ஒரு கல்லூரி இருக்கிறது. இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு வருடப் பட்டப்படிப்பு. தொண்டருக்கு நாங்கள் கொடுப்பது வேறு வேலை. கிளினிக் நாளில் வயதானவர்களை வரிசைப்படுத்தி இருத்துவது, சக்கர நாற்காலி தள்ளுவது, துணைக்கு ஆள் இல்லாத அம்மாவுக்குச் சோறு ஊட்டுவது, சிங்களம் தெரிந்த பிள்ளை என்றால் தமிழ் தெரியாத நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பது. இதற்குப் பரீட்சைப் புள்ளி உதவாது. சொன்ன நேரத்துக்கு வருவாரா, சொன்னதை மட்டும் செய்வாரா, தெரியாததைத் தெரியாது என்று சொல்வாரா, வாயை மூடி வைத்திருப்பாரா என்பதுதான் எனக்கு வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் வன்னியில் எல்லாவற்றிலும் பெரிது. இங்கே விடுதியில் படுத்திருப்பவர் தொண்டருக்குத் தெரியாத ஆளாக இருக்கச் சந்தர்ப்பம் குறைவு. ஒன்றில் பக்கத்து வீடு, இல்லாவிட்டால் கூடப் படித்த பிள்ளையின் அக்கா. நஞ்சு குடித்துவிட்டு வந்தவர், சயரோகத்துக்கு மருந்து எடுப்பவர், கல்யாணம் ஆகாமல் கிளினிக்குக்கு வந்த பிள்ளை எல்லாரும் எங்களை நம்பித்தான் படுத்திருக்கிறார்கள். மத்தியானம் இங்கே கண்டது பின்னேரம் ஊர்ச் சந்தியில் பேசப்பட்டால் அந்த நோயாளி அடுத்த முறை வரமாட்டார். சயரோகக்காரர் இடையில் மருந்தை விட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே, அந்தப் பிள்ளை ஒரு விஷயத்தை வெளியே விடாமல் காத்ததை நீங்கள் கண்டிருந்தால், நற்குணம் நல்லொழுக்கம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அதை எழுதுங்கள்.

எப்படி எழுதுவது என்று கேட்பவர்களுக்கு இப்படிக் காட்டுவேன்:

“இவர் என் வகுப்பில் இரண்டு வருடம் உயிரியல் படித்தவர், வகுப்புத் தலைவியும் கூட. சக மாணவி ஒருவரின் வீட்டுப் பிரச்சினையை வகுப்பில் எவருக்கும் சொல்லாமல் என்னிடம் மட்டும் தனியாக வந்து சொன்னார். இல்ல விளையாட்டுப் போட்டியில் வெயிலில் மயங்கி விழுந்த மாணவனை நிழலில் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, சுற்றி நின்றவர்களை விலக்கி, விழுந்த நேரத்தைக் குறித்து என்னிடம் தந்தார். குடிக்கக் கொடுக்கலாமா என்று தானாக முடிவெடுக்காமல் கேட்டார். கூட்டத்துக்கு முன் பேசக் கூச்சப்படுவார். ஒருவரோடு தனியாகப் பேசும்போது அது இல்லை.”

இவ்வளவு போதும். ஒரு குறையையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். குறையே இல்லாத பிள்ளையை எங்களுக்குத் தெரியாது. கூச்ச சுபாவம் என்று தெரிந்தால் கிளினிக் வாசலில் நிறுத்தாமல் விடுதிக்குள் வைத்துப் பழக்குவோம். தேவை என்றால் வேறு உதாரணம் எடுங்கள். வயலில் பாம்பு கடித்தவருக்குக் கயிறு கட்டப் போனவர்களைத் தடுத்து, காலை அசைக்கவிடாமல் உடனே வண்டி ஏற்றிவிட்ட பிள்ளை இருந்தால் அதைவிட நல்ல சிபார்சு எது?

இனி, எனக்கு உடன்பாடு இல்லாத ஒரு வழக்கம். “தகப்பனை இறுதி யுத்தத்தில் இழந்தவர், தாய் கூலி வேலை செய்து வளர்த்தவர், மாமன் காணாமல் ஆக்கப்பட்டவர்” என்று கடிதத்தின் பாதியைக் குடும்பக் கதை பிடித்துவிடுகிறது. இன்று விண்ணப்பிக்கும் பிள்ளைகள் 2009 இல் கைக்குழந்தைகள், அல்லது நடை பழகிய வயது. அந்தக் கடிதம் எழுதுவினைஞர், மேற்றன், பணிப்பாளர், விடுதிப் பொறுப்பாளர் என்று பல கை மாறும். தான் சொல்லாத தன் வீட்டுக் கதை தனக்கு முன்னமே விடுதிக்குள் போயிருப்பது அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? இரக்கத்தில் எடுத்த தொண்டரை எல்லாரும் இரக்கத்தோடுதான் நடத்துவார்கள். வேலை பழக்க மாட்டார்கள்.

அதற்காக வீட்டைப் பற்றி எழுதவே கூடாது என்றும் இல்லை. எறிகணைக் காயத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட தகப்பனை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப்புண் வராமல் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வன்னியில் இருக்கிறார்கள். அது அனுதாபத்துக்கான செய்தி இல்லை. எங்கள் மாணவத் தாதிகளுக்கு நாங்கள் படிப்பிப்பதும் அதைத்தான். பிள்ளையிடம் கேட்டு, சம்மதித்தால் அதை வேலையாக எழுதுங்கள்: என்ன செய்தார், எவ்வளவு காலம் செய்தார்.

இன்னொன்று. வடக்கில் தொண்டராகப் போனால் பிறகு நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு பழசு. வருடக்கணக்காகத் தொண்டர்களாக நின்று நியமனம் கேட்டு வீதியில் இருந்தவர்களையும் கண்டிருக்கிறோம். தாதியர் பயிற்சிக்கான விண்ணப்பம் வர்த்தமானியில் கோரப்படும். விஞ்ஞானப் பாடங்களில் உயர்தரச் சித்தி வேண்டும். தொண்டர் கடிதம் அந்தச் சித்தியின் இடத்தைப் பிடிக்காது. “எதிர்காலத்தில் நியமனம் வழங்க ஆவன செய்யவும்” என்று கடிதத்தின் அடியில் சேர்க்காதீர்கள். பிள்ளைக்கும் இதை நேரே சொல்லிவிடுங்கள்.

தடுப்பூசி விபரம் கடிதத்தோடு வந்தால் எங்களுக்கு வேலை குறையும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2003 இல் இருந்து குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் யுத்தத்தில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமுக்குப் போன பல குடும்பங்களிடம் கிளினிக் கார்ட் இல்லை. அப்படியானால் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். திரும்பப் போட வேண்டி வந்தால் மூன்று ஊசிக்கும் ஆறு மாதம் எடுக்கும்.

வீடு எங்கே என்பதும் எழுத வேண்டிய விஷயம். ஏ9 வீதியில் இருக்கும் பிள்ளைக்குப் பஸ் பெரிய பிரச்சினை இல்லை. ஐயன்கன்குளத்தில் இருந்து வந்து மாங்குளத்தில் மாறி ஏறும் பிள்ளையை ஏழு மணிக்கு வா என்றால் வரமுடியாது. பிந்தி வந்தால் பொறுப்பில்லாத பிள்ளை என்ற பெயர்தான் மிஞ்சும். முதலே தெரிந்தால் நேரத்தை மாற்றிக் கொடுக்கலாம்.

வவுனியா போன்ற இடங்களுக்குக் கடிதம் எழுதினால் ஆங்கிலப் பிரதி ஒன்றும் வையுங்கள். திகதி, பதவி, பாடசாலை முத்திரை, நீங்கள் எடுத்துப் பேசும் தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும். நாங்கள் உண்மையில் அழைப்போம். அழைத்தபோது “எந்தப் பிள்ளை?” என்று திருப்பிக் கேட்ட அதிபர்களும் உண்டு.

பிள்ளையை உங்களுக்குச் சரியாகத் தெரியாது என்றால், கேட்டு வந்த அன்றைக்கே முடியாது என்று சொல்லி, தெரிந்த ஆசிரியரிடம் அனுப்பிவிடுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாள் கைவிரிப்பது சரியில்லை.