தம்பி தேறிவிட்டான், அக்காவுக்கு ஏன் கோபம்?

"இவ்வளவு செஞ்சேன், ஒரு வார்த்தை நல்லதா சொல்லல." ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் இளகிய மனசுக்காரர்கள், எதிராளி வாய் திறக்கும் முன்பே உதவிக்கு ஓடுபவர்கள்.

ஒரு பெண் வந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). குடியில் விழுந்த தம்பியைப் பல வருடம் தாங்கியவர். அவன் கடனை அடைத்தார், வேலைக்குப் போகாத நாட்களில் அவனுக்காக அலுவலகத்தில் பொய் சொன்னார். இப்படி ஒவ்வொரு தடவையும் விளைவை நாம் வாங்கிக்கொண்டால், குடிப்பவருக்குச் சிகிச்சைக்குப் போகும் அவசரமே வராது. அது தனிக் கதை. எப்படியோ தம்பி சிகிச்சை எடுத்து, குடியை விட்டு, தனியாக வீடும் பார்த்துக்கொண்டான். அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. "என்னக் கேக்காமலே வீடு பாத்துட்டான்" என்றபோது குரலில் வருத்தத்தைவிடக் கோபம்தான் தெரிந்தது. அவன் விழுந்து கிடந்தவரை குடும்பத்தில் அவர் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டீபன் கார்ப்மன் 1968-இல் இதை ஒரு முக்கோணமாக வரைந்தார்: பாதிக்கப்பட்டவர், துன்புறுத்துபவர், காப்பாற்றுபவர். மூவரும் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. காப்பாற்றியவரே ஒரு நாள் குத்திக்காட்டத் தொடங்குவார்.

இன்னொரு வகை இரக்கம் நம் தவிப்பைத் தணித்துக்கொள்ள வருவது. 1981-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் பேட்சன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பெண் மின் அதிர்ச்சி வாங்கித் துடிப்பது போல ஒரு நடிப்பு. அதைப் பார்ப்பவர்கள் விரும்பினால் அவருக்குப் பதில் தாங்கள் வாங்கிக்கொள்ளலாம். பார்ப்பதை நிறுத்திவிட்டுப் போக வழி இருந்தபோது, அவர்மேல் பெரிதாகப் பரிவு எழாதவர்களில் பலர் நழுவினார்கள். ஆழ்ந்த பரிவு எழுந்தவர்களோ வழி இருந்தும் உதவவே முன்வந்தார்கள். ஆக, எல்லா இரக்கத்துக்கும் உள்நோக்கம் கற்பிக்க முடியாது. எனக்கு இதில் ஒரு நிம்மதி.

மன்னிப்பிலும் இதே கலப்படம் உண்டு. சண்டைக்குப் பயந்து "பாவம், விட்டுடலாம்" என்பவர்களும், எதிராளி தலைகுனிந்து நிற்பதை ரசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டேன்: "நீங்கள் செய்தது யாருக்குமே தெரியாது, தம்பிக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் செய்திருப்பீர்களா?" வெகுநேரம் யோசித்தார். "கடனை அடைச்சிருப்பேன். பொய் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். சரி, அங்கிருந்தே தொடங்கலாம் என்றேன்.