"எங்க அம்மா தொண்ணூத்தாறு வரைக்கும் இருந்தாங்க, டாக்டர்!"

புற்றுநோய் உறுதியான முதியவரிடம் சிகிச்சை பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காதில் விழும். "எங்க வம்சமே கெட்டி டாக்டர், அம்மா தொண்ணூத்தாறு வரைக்கும் இருந்தாங்க" என்பார் நோயாளி. இல்லாவிட்டால், கூட வந்த பிள்ளை மெதுவாகச் சொல்வார்: "எண்பது வயசாயிடுச்சு, இனிமே எதுக்கு அவரைப் போட்டுப் படுத்தணும்?" இரண்டுமே அன்பில் வரும் பேச்சு. ஆனால் இரண்டையும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது.

முதலில் வம்சம். டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்களை வைத்து 1996இல் வந்த ஆய்வு, ஆயுள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஏறத்தாழ கால் பங்குதான் மரபணுவின் வேலை என்றது. இந்தப் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. நூறைத் தொட்டவர்களின் குடும்பங்களில் நீண்ட ஆயுள் தொடர்வது உண்மைதான். ஆனாலும் அம்மாவிடமிருந்து வந்தது பாதி மரபணு மட்டுமே. அறுபதில் போய்விட்ட அப்பாவைப் பற்றி நானாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள்!

இன்னொன்று, நீண்ட ஆயுள் புற்றுநோய்க்கு எதிரான கவசம் அல்ல. செல்களில் கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துதான் பெரும்பாலான புற்றுநோய்கள் உருவாகின்றன. அதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதிக நாள் வாழ்பவருக்கு அந்தக் கால அவகாசமும் அதிகம்.

சரி, வயதைப் பார்க்கலாமா? செய்திகளில் வரும் சராசரி ஆயுட்காலம் என்பது அன்று பிறந்த குழந்தைக்கான கணக்கு. எழுபத்தைந்தைத் தாண்டியவரிடம் அதைச் சொல்லி, "நீங்கள் இப்போதே போனஸில் இருக்கிறீர்கள்" என்பது தவறு. 2001இல் அமெரிக்க ஆயுள் அட்டவணைகளைக் கொண்டு செய்த கணக்கு ஒன்றை நான் அடிக்கடி காட்டுவதுண்டு. அதன்படி, 75 வயதுப் பெண்களில் நல்ல உடல்நிலையில் உள்ள மேல் கால்வாசிப் பேருக்கு இன்னும் 17 ஆண்டுகளாவது இருந்தன. நடுவில் இருப்பவருக்குச் சுமார் 12. கீழ்க் கால்வாசிக்கு ஏழுக்கும் குறைவு. ஒரே வயதுக்குள் பத்தாண்டு இடைவெளி! அவர் அதில் எந்தப் பக்கம் என்பதை ஆதார் போலப் பிறந்த தேதி காட்டும் எந்த அட்டையும் சொல்லாது. நடை சொல்லும். 65 வயதைக் கடந்த 34,000க்கும் மேற்பட்டவர்களின் தரவைத் தொகுத்த 2011 ஆய்வில், வயது, பாலினத்தோடு நடை வேகத்தைச் சேர்த்துப் பார்த்தாலே ஆயுளைக் கணிக்க முடிந்தது. நோய்ப் பட்டியல், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கூட்டிச் செய்த கணிப்புக்கு அது சளைக்கவில்லை. முதியவர் கதவிலிருந்து நாற்காலிக்கு வருவதை நாங்கள் உற்றுப் பார்ப்பது இதனால்தான்.

அடுத்து, அந்தப் புற்றுநோய் எவ்வளவு அவசரக்காரன் என்று பார்க்க வேண்டும். ஹார்மோன் ஏற்பி உள்ள (அதாவது உடலின் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளரும்), ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 70 வயதுக்கு மேற்பட்ட 636 பெண்களை அமெரிக்காவில் பத்தாண்டுக்கும் மேல் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லாருக்கும் அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் தமாக்சிபென் மாத்திரை, பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாகக் கதிர்வீச்சு. கதிர்வீச்சு பெறாதவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது கூடியது, ஆனால் ஆயுளில் வித்தியாசமில்லை. இறந்த 334 பேரில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 21 பேர் மட்டுமே.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, வயதானால் சிகிச்சையே வேண்டாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். வேகமாகப் பரவும் நிணநீர்ப் புற்றுநோயான பெரிய பி செல் லிம்போமாவுக்கு மருந்து கொடுக்காவிட்டால் சில மாதங்களே மிஞ்சும். 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அளவைக் குறைத்து அந்த மருந்துகளைக் கொடுத்த பிரெஞ்சு, பெல்ஜியம் ஆய்வில், இரண்டு ஆண்டுகள் கழித்து 59 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வயதைக் காட்டி மறுத்திருந்தால் அந்த ஆண்டுகள் போயிருக்கும். என் அனுபவத்தில் அதிகமாகக் கொடுக்கப்பட்ட சிகிச்சையை எல்லாரும் பார்க்கிறார்கள். கொடுக்காமல் விட்டது யார் கண்ணிலும் படுவதில்லை.

கீமோவுக்கு முன் முதியோர் முழு மதிப்பீடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். கீழே விழுந்தாரா, எடை குறைந்ததா, ஞாபகம் எப்படி, தினம் எத்தனை மாத்திரை, வீட்டில் யார் துணை என்று எல்லாம் விசாரிப்பார்கள். குணமாக்க முடியாத நிலையிலிருந்த 70 வயதுக்கு மேற்பட்ட 718 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இந்த மதிப்பீட்டை மருத்துவர் கையில் கொடுத்ததும் கடுமையான பக்கவிளைவுகள் 71 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாக இறங்கின. ஆயுளில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பல மருத்துவர்கள் அளவைக் குறைத்துத் தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, நோயாளியிடமே கேட்க வேண்டிய கேள்வி. கடும் நோயுள்ள 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த 2002 ஆய்வில், பிழைத்தாலும் உடல் முடங்கிப்போகும் என்றால் அந்தச் சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் 74 சதவீதம். புத்தி தடுமாறும் என்றால் 89 சதவீதம். அதனால் பேச்சின் ஒரு பகுதிக்காவது குடும்பத்தினரை வெளியே காத்திருக்கச் சொல்கிறேன். உள்ளே சிலர் கீமோ வேண்டும் என்கிறார்கள், சிலர் வலி மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். வெளியே இருக்கும் பிள்ளைகள் நினைத்திருப்பது பல நேரம் வேறாக இருக்கிறது.