வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு இங்கே முதுநிலைப் படிப்பு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கான விளக்கம்

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றுத் திரும்பியவர் இந்தியாவில் எம்.டி., எம்.எஸ். படிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை, முடியும் என்பதே. மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்று, பயிற்சி மருத்துவராக ஓராண்டை நிறைவு செய்தபின், அவர் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலோ சென்னையிலோ படித்த மருத்துவருடன் ஒரே தரவரிசையில் நின்று போட்டியிடுகிறார். அவருக்கெனத் தனி ஒதுக்கீடும் இல்லை, தனித் தடையும் இல்லை. ஆனால் அந்தத் தரவரிசைக்கு வந்து சேரும் வரை உள்ள படிகளில்தான் பலருக்கு ஓராண்டோ இரண்டாண்டோ வீணாகிறது. அந்த இழப்பில் பெரும்பகுதி, தேதிகளையும் சான்றிதழ்களையும் முன்கூட்டியே கவனித்தால் தவிர்க்கக்கூடியது.

முதலில், படித்த படிப்பே இங்கு ஏற்கப்படுமா என்று பார்க்க வேண்டும். 2018 முதல் வெளிநாட்டில் மருத்துவம் படிக்கச் செல்வோரும் இளநிலை நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று வெளியிட்ட வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரி உரிமம் குறித்த விதிமுறைகள் இதை மேலும் கடுமையாக்கின. அவற்றின்படி படிப்பு குறைந்தது 54 மாதங்கள் நீள வேண்டும். ஆங்கிலவழியில் நடந்திருக்க வேண்டும். அதே கல்வி நிறுவனத்தின் கீழ் 12 மாத மருத்துவமனைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். படித்த நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக மருத்துவத் தொழில் செய்வதற்கான பதிவைப் பெறத்தக்க பட்டமாக அது இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் முழுவதையும் முடித்திருக்க வேண்டும். மருத்துவப் படிப்புக்கு முந்தைய அறிவியல் படிப்பின் மாதங்களை இந்த 54 மாதங்களில் சேர்த்துக் கணக்கிட முடியாது. முகவர்கள் தரும் துண்டுப் பிரசுரங்களில் ‘மொத்தம் ஆறு ஆண்டுகள்’ என்று அச்சிட்டிருந்தால், அதில் மருத்துவப் படிப்பு மட்டும் எத்தனை மாதம் என்று பெற்றோர் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

பட்டம் பெற்றபின் எழுத வேண்டியது வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு. எஃப்.எம்.ஜி.இ. என்று அனைவரும் அழைக்கும் இத்தேர்வைத் தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. மொத்தம் 300 கேள்விகள். 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஒப்பீட்டுத் தரவரிசை எதுவும் இல்லாத, பாதி மதிப்பெண் எடுத்தால் போதுமான இத்தேர்வில், 2024 ஜூன் சுற்றில் எழுதியவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறினர். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடமுறை இங்குள்ள கேள்விமுறைக்குப் பொருந்துவதில்லை என்பதும், நோயாளிகளுடன் அவர்கள் மொழியில் பேசிப் பழகும் வாய்ப்பு அங்கே குறைவு என்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்று கருதுகிறேன். எனவே கடைசி ஆண்டில் இருக்கும்போதே இதற்குப் படிக்கத் தொடங்குவது முறை. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019, நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வை முன்வைக்கிறது. அது நடைமுறைக்கு வரும்போது இத்தகுதித் தேர்வுக்கும் முதுநிலை நீட் தேர்வுக்கும் பதிலாக அமையும் என்பதால், அது குறித்த அறிவிப்புகளையும் கவனித்து வர வேண்டும்.

தேர்ச்சிக்குப் பிறகு சென்னை அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு பெற்று, இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் 12 மாதம் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். தகுதித் தேர்வில் தேறியவருக்குக்கூட இந்தப் பதிவு உடனே கிடைத்துவிடுவதில்லை. இளநிலை நீட் மதிப்பெண் அட்டை, பன்னிரண்டாம் வகுப்புச் சான்று, ஒவ்வோர் ஆண்டுக்குமான மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், அங்கே பயிற்சி முடித்ததற்கான சான்று, குடிவரவு முத்திரைகள் தெரியும் வகையில் கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்கள் எனப் பலவும் சரிபார்க்கப்படும். பட்டம் உண்மையானதா என்பதைப் படித்த நாட்டு அதிகாரிகளிடமும் நம் தூதரகத்திடமும் உறுதி செய்துகொள்ளும் நடைமுறைக்கு நாள் பிடிக்கும். பழைய கடவுச்சீட்டு முடிந்துபோய்ப் புதியது வாங்கியவர்கள் பழையதைத் தொலைத்துவிடக் கூடாது. எந்தக் கல்வியாண்டில் எத்தனை நாள் அந்நாட்டில் நேரில் இருந்தார் என்பதற்கு அதிலுள்ள முத்திரைகளே ஆதாரம்.

கொரோனாக் காலத்திலோ உக்ரைன் போரின்போதோ ஊரிலிருந்தபடி இணையவழியில் படித்தவர்களுக்கு இந்த ஆதாரம் இன்னும் முக்கியம். இணையவழியில் நடந்த பாடங்களைப் பின்னர் நேரில் ஈடுசெய்து, அதற்குரிய தேர்விலும் தேறியிருந்தால் பயிற்சிக் காலம் ஓராண்டு என்று ஆணையம் 2024 ஜூனில் தெளிவுபடுத்தியது. ஈடுசெய்யாதவர்களுக்குப் பயிற்சிக் காலம் அதைவிட நீளும். ஈடுசெய்ததைக் காட்டும் பல்கலைக்கழகச் சான்றில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்பது தெளிவாக இருக்க வேண்டும். ‘ஈடுசெய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரி போதாது.

பயிற்சி இடங்களும் அளவானவை. ஒரு மருத்துவக் கல்லூரி தன் அனுமதிக்கப்பட்ட இடங்களில் 7.5 விழுக்காடு வரை வெளிநாட்டுப் பட்டதாரிகளைப் பயிற்சிக்கு ஏற்கலாம் என்று ஆணையத்தின் 2022 மார்ச் மாதச் சுற்றறிக்கை கூறுகிறது. 2008இல் தொடங்கிய தருமபுரிக் கல்லூரியைப் போல 100 இடங்கள் கொண்ட கல்லூரியில் இது ஏழு பேருக்கான இடமே. கல்லூரி இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, இங்கே படித்த பயிற்சி மருத்துவர்களுக்கு இணையான உதவித்தொகை தர வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. இது உரிமை, உதவித்தொகை வராவிட்டால் எழுத்து மூலம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான தமிழ்நாட்டின் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு வேறு; அது இளநிலைச் சேர்க்கைக்கு மட்டுமே உரியது.

இனி, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் தேதிக்கு வருவோம். முதுநிலை நீட் தேர்வை எழுத, அந்த ஆண்டு அறிவிக்கப்படும் இறுதி நாளுக்குள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். 2024இல் தேர்வு ஆகஸ்ட் 11 அன்று நடந்தது. பயிற்சி முடிக்க வேண்டிய நாள் ஆகஸ்ட் 15. 2025இல் தேர்வு ஆகஸ்ட் 3. பயிற்சிக்கான இறுதி நாள் ஜூலை 31. 2024 ஆகஸ்ட் 1 அன்று பயிற்சியில் சேர்ந்து விடுப்பின்றிப் பணியாற்றியவர் 2025 தேர்வுக்குத் தகுதி பெற்றார்; பதிவுச் சான்று தாமதமாகி அதே மாத நடுவில் சேர்ந்தவரோ, எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் அடுத்த தேர்வு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் விடுப்பு எடுத்தால் பயிற்சி நாள்கள் நீட்டிக்கப்படும் என்பதால், வீட்டுத் திருமணத்துக்கோ மாரியம்மன் பண்டிகைக்கோ விடுப்புக் கேட்கும்முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தகுதித் தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே பதிவுக்கு விண்ணப்பிக்கும் வகையில் ஆவணங்களை முன்கூட்டித் திரட்டி வைப்பதைத்தான் நான் எல்லா அறிவுரைகளுக்கும் மேலாகச் சொல்வேன்.

முதுநிலை நீட் தேர்வில் 200 கேள்விகள், 800 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் உண்டு, தவறான விடைக்கு ஒன்று குறையும். இதன் தரவரிசையைக் கொண்டு இரண்டு கலந்தாய்வுகள் நடக்கின்றன. அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதியை அகில இந்திய ஒதுக்கீட்டில் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும், டி.என்.பி. என்ற முதுநிலைப் படிப்பின் இடங்களும் அதன் வழியாகவே. மீதிப் பாதியைச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு நிரப்புகிறது. இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டிலும் இடஒதுக்கீடு ஒன்றல்ல என்பதுதான் நம் மாவட்டத்தினர் ஊன்றிப் பார்க்க வேண்டியது. மாநில இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 30 (இதில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5), மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என மொத்தம் 69 விழுக்காடு. அகில இந்திய இடங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கு 10 விழுக்காடு. சித்தேரி மலையிலிருந்து வந்த மலையாளிப் பழங்குடி இன மாணவிக்கும், அஞ்செட்டிப் பக்கத்து இருளர் இன மாணவருக்கும் மாநிலப் பட்டியலில் நூற்றுக்கு ஓர் இடம்தான். அகில இந்தியப் பட்டியலிலோ நூற்றுக்கு ஏழரை. போட்டி நாடு முழுவதற்குமானது என்றாலும், மாநிலக் கலந்தாய்வை மட்டும் நம்பியிருப்பது அவர்களுக்குப் பேரிழப்பு. பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர் விசாரித்தே வழங்குவார் என்பதால், அது கையில் இல்லாதவர்கள் தேர்வுக்கு வெகு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ உள்ள மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பள்ளியில் வாங்கிய நிரந்தரச் சாதிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். அது மாநிலக் கலந்தாய்வுக்கு உரியது. அகில இந்தியக் கலந்தாய்வுக்கு, மத்திய அரசு படிவத்தில், வளமான பிரிவைச் சேராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்று வேண்டும்; இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் பெற வேண்டும்; அது நடப்புக் காலத்துக்குச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். ஆனால் சம்பளமும் விவசாய வருமானமும் இந்தக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. பெற்றோர் வகிக்கும் பதவியும் நில அளவும் தனியே ஆராயப்படும். மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பங்கள் தாங்களாகவே ‘நமக்குக் கிடைக்காது’ என்று முடிவு செய்துவிடாமல் விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும்.

மாநில இடங்களுக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்பதை ஒவ்வோர் ஆண்டின் தகவல் தொகுப்பேட்டில் முதலில் படிக்க வேண்டும். முதுநிலை மருத்துவப் படிப்பில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்தது; படித்த கல்லூரி சார்ந்த முன்னுரிமையை மட்டும் நியாயமான அளவில் அனுமதித்தது. வெளிநாட்டில் படித்தவருக்கு அத்தகைய முன்னுரிமை எங்கும் இல்லை. ஓசூரில் வசித்துக்கொண்டு பள்ளிப் படிப்பைப் பெங்களூரில் முடித்தவர்கள், பிறப்பிடச் சான்றையும் பெற்றோரின் பழைய குடும்ப அட்டை, பள்ளிச் சான்று ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

எய்ம்ஸ், ஜிப்மர், நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு முதுநிலை நீட் மதிப்பெண் செல்லாது. ஆண்டுக்கு இருமுறை நடக்கும் ஐ.என்.ஐ.-சி.இ.டி. தேர்வைத் தனியே எழுத வேண்டும். டி.என்.பி. மூன்றாண்டுப் படிப்பு; எம்.டி., எம்.எஸ். பட்டங்களுக்கு இணையானது. தேசியத் தேர்வு வாரியத்தின் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு.

வெளிநாட்டிலேயே தங்கி முதுநிலையை முடித்துவிட்டு வரலாம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் பெற்று, அந்நாட்டில் மருத்துவராகப் பதிவு பெறத்தக்க முதுநிலைத் தகுதிகளே இங்கு ஏற்கப்படுகின்றன. ரஷ்யாவிலோ சீனாவிலோ பெற்ற முதுநிலைப் பட்டத்தைக் கொண்டு இங்கே சிறப்பு மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது.

முதல் முயற்சியில் நல்ல தரவரிசை கிடைக்காதவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வழி அரசுப் பணி. நிரந்தரப் பதிவு பெற்ற வெளிநாட்டுப் பட்டதாரியும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் உதவி மருத்துவர் தேர்வை எழுதலாம். தமிழ்நாட்டின் மாநில முதுநிலை இடங்களில் பாதி, அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று உறுதி செய்தது. மலையிலும் தொலைதூரக் கிராமங்களிலும் ஆற்றும் பணிக்கு ஊக்க மதிப்பெண் வழங்கவும் விதி இடமளிக்கிறது. எத்தனை ஆண்டுப் பணி முடிந்திருக்க வேண்டும், எந்த ஆரம்ப சுகாதார நிலையம் எந்த வகையில் வருகிறது, படிப்பு முடிந்தபின் அரசுக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தப் பணி, மீறினால் எவ்வளவு தொகை என்பனவெல்லாம் தகவல் தொகுப்பேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். பணியிடத்தைத் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வுக்குச் செல்லும் முன்பே அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுச் செல்ல வேண்டும்.