அதிவேக நெடுஞ்சாலை அல்ல, விரைவுச்சாலை

"அதிவேக நெடுஞ்சாலையில் அதிவேகமாகச் சென்றதே விபத்துக்குக் காரணம்." மும்பை–புனே சாலையில் நடந்த ஒரு விபத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் இப்படி வாசித்தார்கள். ஒரே வாக்கியம், ஒரே சொல் இரண்டு தடவை. முதல் தடவை அது சாலையின் பெயர், இரண்டாவது தடவை ஓட்டுநரின் குற்றம். அதிவேகத்துக்கென்றே ஒரு சாலையைப் போட்டுவிட்டு, அதில் அதிவேகமாகப் போனான் என்று ஒருவனைப் பிடித்தால் கேட்கிறவன் என்ன புரிந்துகொள்வான்? பல வருடமாக இந்தச் சொல்லைக் கேட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். இந்த வாக்கியத்துக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் எக்ஸ்பிரஸ்வே என்பதைத்தான் இப்படி 'அதிவேக நெடுஞ்சாலை' ஆக்கியிருக்கிறார்கள். அதற்குச் சரியான தமிழ் என்ன என்பதுதான் கேள்வி. எக்ஸ்பிரஸ் லத்தீனிலிருந்து வந்தது, அழுத்தி வெளியே எடுத்தது என்பது வேர்ப்பொருள். அதிலிருந்து 'தெளிவாகச் சொல்லப்பட்டது', அப்புறம் 'இந்த ஒரு காரியத்துக்கென்றே உள்ளது' என்று பொருள் நகர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காகத் தனியாக விட்ட ரயிலை எக்ஸ்பிரஸ் என்றார்கள். அது நடுவில் நிற்காது, அதனால் சீக்கிரம் போய்ச் சேரும். வேகம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டியதுதான். ரயிலுக்குப் பிறகு சாலைக்கும் அந்தப் பெயர் வந்தது, வேர்க்கதை அவ்வளவுதான்.

இந்தச் சாலையை மற்ற சாலையிலிருந்து பிரிப்பது எது? வேகம் இல்லை. நினைத்த இடத்தில் ஏறவும் இறங்கவும் முடியாது என்பதுதான். நம் ஊர்ச் சாலைகளில் கிளைவழி பிரியும் இடத்தைத் தென் மாவட்டங்களில் 'விலக்கு' என்போம், கொங்குப் பக்கம் 'பிரிவு', வடக்கே போனால் 'கூட்ரோடு'. பேருந்து அங்கே நிற்கும், இறங்கி ஊருக்குள் நடப்போம். இந்த விலக்கும் பிரிவும் கூட்ரோடும் இல்லாத சாலைதான் எக்ஸ்பிரஸ்வே. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சில இடங்களை மட்டும் வைத்து, மற்ற இடமெல்லாம் வேலி போட்டு அடைத்திருப்பார்கள். குறுக்கே சிக்னல் கிடையாது, எதிரே வண்டி வராது, வீட்டு வாசலும் டீக்கடை வாசலும் சாலையில் திறக்காது. சீக்கிரம் போய்ச் சேருவது இதனால் கிடைக்கிற பலன்.

மும்பை–புனே சாலையையே எடுத்துக்கொள்ளலாம். நவி மும்பைப் பக்கம் கலம்போலியில் தொடங்கிப் புனேக்குப் பக்கத்தில் கிவளேயில் முடியும், நீளம் சுமார் 94.5 கிலோமீட்டர். மகாராஷ்டிர மாநிலச் சாலை வளர்ச்சிக் கழகம் 1996இல் உருவானது, அடுத்த வருடம் இந்த வேலை அதன் கைக்கு வந்தது. 2000 முதல் பகுதி பகுதியாகத் திறந்து, 2002இல் முழுச் சாலையும் பயன்பாட்டுக்கு வந்தது. ஆறு தடம், முழுக்கக் கான்கிரீட், சுங்கம் கட்டித்தான் போக வேண்டும். நுழைவைக் கட்டுப்படுத்திய இவ்வகைச் சாலைகளில் இந்தியாவில் இதுதான் முதல். பாதாண், மாடப், காம்ஷேத் என்று மலையைக் குடைந்த சுரங்கப்பாதைகள் வழியில் வரும். காலாப்பூரிலும் தளேகாவிலும் சுங்கச்சாவடிகள். காருக்கான கட்டணம் 2023 ஏப்ரலில் 270 ரூபாயிலிருந்து 320 ஆனது. இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. 2009இல் மகாராஷ்டிரத்தின் முதல் முதலமைச்சர் யஷ்வந்த்ராவ் சவாண் பெயரை வைத்தார்கள், ஆனாலும் ஜனங்கள் வாயில் அது எக்ஸ்பிரஸ்வேதான்.

சரி, இதில் அதிவேகம் எங்கே இருக்கிறது? சமதரையில் காருக்கு உச்சவரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர், மலைப்பகுதியில் அதைவிட மிகக் குறைவு. அந்த வரம்பைத் தாண்டுவதற்குத்தான் தமிழில் 'அதிவேகம்' என்று பெயர். நம் காவல் நிலையத்து எழுத்தில் எத்தனை வருடமாக 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து' என்று இருக்கிறது! லாரிக்குப் பின்னால் 'அதிவேகம் ஆபத்து' என்று எழுதியிருக்கிறது, சாலையோரப் பலகையிலும் அதே எச்சரிக்கை. ஒரு சொல் இப்படிக் குற்றத்தின் பெயராகவும் எச்சரிக்கையாகவும் ஜனங்கள் மனதில் பதிந்துவிட்ட பிறகு அதையே எடுத்து அரசாங்கம் போட்ட சாலைக்கு வைப்பது என்ன மொழிபெயர்ப்பு? 2018இல் மத்திய அரசு இவ்வகைச் சாலைகளில் கார்களுக்கு உச்ச வேகம் 120 என்று அறிவித்தது, 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதும்போது 'அதிவேக நெடுஞ்சாலைகளில் அதிவேகத்துக்குத் தடை' என்று வந்தால் படிக்கிறவர் தலையைச் சொறிய வேண்டியதுதான். மும்பை–புனே சாலையில் 2016இல் மட்டும் 151 பேர் இறந்தார்கள். அதைக் குறைக்கப் பிறகு எத்தனையோ வேலை செய்ய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சாலையின் பெயரே 'வேகமாகப் போ' என்று சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இலங்கையில் அதிவேக நெடுஞ்சாலை என்பதுதான் அரசின் சொல் என்று சொல்வார்கள். உண்மைதான். 2011இல் கொழும்புக்குப் பக்கத்துக் கொட்டாவையிலிருந்து காலி நகரம் வரை திறந்த தெற்குச் சாலைக்குத் தமிழில் அந்தப் பெயர்தான். ஆனால் அங்கே சிங்களத்தில் அது 'அதிவேகி மார்கய', தமிழ்ச் சொல் அதற்குப் பக்கத்தில் உட்காருகிற சொல். இரண்டு மொழிப் பலகை வைக்கிற நாட்டில் அதற்கு ஒரு காரணம் இருக்கலாம், அங்குள்ளவர்களுக்கு அது பழகியும் விட்டது. அதனால் அவர்களை நான் குறை சொல்லவில்லை. மராத்தியிலும் 'துருதகதி மார்க்' என்று வேகத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மலாய்க்காரர்கள் மட்டும் வேறு மாதிரி யோசித்தார்கள். அவர்கள் சொல் 'லெபுராயா', அதாவது பெரிய வீதி. பக்கத்து மொழி செய்ததையெல்லாம் நாமும் செய்ய வேண்டும் என்றில்லை, நம்மிடம் சொல் இல்லாவிட்டால்தான் அந்தப் பேச்சே.

நம்மிடம் சொல் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்றால் 'விரைவு' என்று தமிழ்நாட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் என்று பேருந்தின் மேலேயே எழுதியிருக்கிறது. விரைவு ரயில் என்று நிலையத்தில் அறிவிக்கிறார்கள். விரைவு வண்டி என்றால் எல்லா ஊரிலும் நிற்காது என்பது படிக்காதவருக்கும் தெரியும். எக்ஸ்பிரஸின் உண்மைப் பொருளும் அதுதானே? அப்படியானால் எல்லா விலக்கிலும் திறக்காத சாலை விரைவுச்சாலை. ஒரு வரி விளக்கம்கூடத் தேவையில்லை.

'விரைவும் வேகமும் ஒன்றுதானே, நீ என்ன புதிதாகப் பிரிக்கிறாய்' என்று ஒரு நண்பர் கேட்டார். ஒன்று இல்லை. விரைவு போய்ச் சேருகிறவனைப் பற்றியது, வேகம் ஓடுகிற வண்டியைப் பற்றியது. 'விரைவில் வருவார்' என்றால் சீக்கிரம் வந்துவிடுவார் என்று பொருள், ஓடி வருவார் என்று யாரும் நினைப்பதில்லை. 'வேலையை விரைவாக முடி' என்கிறோம். நடுவில் எழுந்து போகாமல் செய்தால் நிதானமாகச் செய்தும் விரைவாக முடிக்கலாம். நிற்காமல் 80இல் போகிற கார், ஊருக்கு ஊர் நின்று இடையிடையே 110இல் பறக்கிற காரைவிட விரைவாகப் புனே போய்ச் சேரும், அதன் வேகம் குறைவுதான். இந்த வித்தியாசத்தைத் தமிழ் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறது பாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு 'அதிவேக' என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான்.

சிலர் 'அதிவிரைவுச்சாலை' என்கிறார்கள். அதிவேகத்துக்கு இது எவ்வளவோ மேல், ஆனால் 'அதி' எதற்கு? ரயிலில் விரைவு ஒரு வகை, அதற்கு மேல் சூப்பர்ஃபாஸ்ட்டுக்கு அதிவிரைவு என்று முறை இருக்கிறது. சாலையில் மட்டும் முதல் படியை விட்டுவிட்டு இரண்டாவது படியில் ஏறி நிற்பானேன்? 2018இல் சென்னை–சேலம் திட்டம் வந்தபோது 'எட்டு வழிச்சாலை' என்றே எல்லோர் வாயிலும் வந்தது. போராடிய விவசாயிகளுக்கு நிலம் எவ்வளவு அகலம் போகும் என்பதுதான் கவலை, அதனால் அந்தப் பெயர் அங்கே பொருத்தம். ஆனால் தடத்தின் எண்ணிக்கை வகையின் பெயர் ஆகாது. சென்னை–பெங்களூரு விரைவுச்சாலைக்கு நான்கு தடம்தான்.

அடுத்து 'நெடுஞ்சாலை'. அதிவேகத்தை விட்டுவிட்டு 'விரைவு நெடுஞ்சாலை' என்று எழுதினால் போதாதா என்றால், போதாது. மும்பைக்கும் புனேக்கும் நடுவில் இரண்டு சாலை இருக்கிறது. ஒன்று பழைய தேசிய நெடுஞ்சாலை, முன்பு 4, இப்போது 48. மற்றொன்று இந்த விரைவுச்சாலை. அங்கே இருக்கிற தமிழர்கள் "பழைய ஹைவேல போலாமா, எக்ஸ்பிரஸ்ல போலாமா" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். ஸ்கூட்டரில் போகிறவருக்கு இது உயிர்நாடியான கேள்வி, ஒன்றில் போகலாம், மற்றொன்றில் போகவே கூடாது. செய்தியில் 'மும்பை–புனே நெடுஞ்சாலை மூடல்' என்று போட்டால் எது மூடியது? மொழிபெயர்ப்பாளர் ஒரு நிமிடம் வரைபடத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கண்டாலா மலையில் கொஞ்ச தூரம் இரண்டு சாலையும் ஒன்றாகச் சேர்ந்து போகும். பத்துத் தட வண்டிகள் ஆறு தடத்தில் நெருக்கியடிப்பதால்தான் அங்கே அவ்வளவு நெரிசல். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு இதை ஒருவருக்கு விளக்கவே முடியாது.

தனித்தமிழ் அன்பர்கள் 'சாலையே தமிழ் இல்லை, பெருவழி என்று சொல்' என்பார்கள். அவர்கள் பக்கம் எனக்கு மனசு சாய்கிறது என்பதை மறைக்க மாட்டேன். இராசகேசரிப் பெருவழி, அதியமான் பெருவழி என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் மிளகு மூட்டை சுமந்த கழுதைகளோடு வணிகர் போகும் வழியை 'உல்குடைப் பெருவழி' என்கிறார் உருத்திரங்கண்ணனார். உல்கு என்றால் சுங்கம். ஆக, சுங்கம் வாங்குகிற பெரிய சாலை! அதோடு நிற்காமல் 'கவலை காக்கும்' என்று அடுத்த சொல்லும் வருகிறது. கவலை என்றால் அங்கே மனக்கவலை அல்ல, கிளைவழி பிரியும் இடம். அதை வில்வீரர்கள் காவல் காத்தார்கள். சுங்கமும் இருக்கிறது, பிரிவில் காவலும் இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் இன்றைக்குப் பலகையில் 'உல்குப் பெருவழி' என்று எழுதினால் வண்டியை நிறுத்தித்தான் படிக்க வேண்டியிருக்கும். சாலை நம் நாக்கில் ஊறிப்போன சொல். பெருவழியைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் ஹைவேக்குக் கொண்டுவரலாம், அதற்குத்தான் அது பொருந்தும்.

சுங்கத்தையும் அப்படியே விட்டுவிடலாம் என்பேன். விமான நிலையத்துச் சுங்கமும் சாலைச் சுங்கமும் குழம்பும் என்று சிலர் 'கட்டணச் சாலை' என்கிறார்கள். சுங்கச்சாவடி என்று கேட்டு யாரும் பாஸ்போர்ட்டை எடுத்ததாக நான் அறியேன். குலோத்துங்கனுக்கே 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். வடமொழி வேர் என்றாலும் ஆயிரம் வருடம் நம்மோடு இருந்த சொல்.

இதைவிட மோசமானவை வெளியே வந்துகொண்டிருக்கின்றன. விரைவுச்சாலையில் ஏறி இறங்கும் சந்திப்பை, அதாவது இன்டர்சேஞ்சை, 'பரிமாற்றம்' என்று எழுதியதை ஒரு திட்ட அறிக்கையில் பார்த்தேன். பணப் பரிமாற்றமா, கருத்துப் பரிமாற்றமா? எதைப் பரிமாறிக்கொள்கிறார்கள் அங்கே? 'பிரிவு' என்ற சொல் கோயம்புத்தூர்ப் பேருந்தில் நடத்துநர் வாயில் தினமும் வருகிறது, மேம்பாலத்தோடு இருந்தால் 'மேம்பாலப் பிரிவு' என்றால் முடிந்தது. அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து வைத்துவிட்டுப் போகிற வேலை இது, அந்தச் சாலையில் ஒருநாள் போனவர் இப்படி எழுத மாட்டார்.

கண்டாலா மலை நெரிசலைத் தவிர்க்க கோபோலியிலிருந்து குஸ்காவ் வரை சுமார் 13 கிலோமீட்டருக்கு ஒரு புது வழி வகுத்தார்கள். அதில் ஒரு சுரங்கப்பாதை மட்டும் ஏறத்தாழ 9 கிலோமீட்டர், பயணத்தில் 6 கிலோமீட்டர் குறையும். முதலில் போட்ட சாலையில் விட்டுப்போன துண்டு என்பதால் மிஸ்ஸிங் லிங்க் என்று திட்டத்துக்குப் பெயர். அதைத் தமிழில் 'காணாமல் போன இணைப்பு' என்று எழுதியிருந்தார்கள். காணாமல் போகவில்லை ஐயா, போடவே இல்லை. விடுபட்ட இணைப்பு என்று எழுதுங்கள்.