விழுவதற்கு முன் எப்படி நடந்தார்?

"ஆயாவுக்கு 84 வயது டாக்டர், இனிப் பார்த்து என்ன ஆகப்போகிறது?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விபத்துப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சு சலித்துவிட்டது. இதன் மறுபாதியும் அப்படித்தான்: "67தானே, அதுவும் குளியலறையில் சறுக்கியதுதானே!"

பலத்த அடிபட்ட முதியவர் எழுந்து நடப்பாரா, வீடு திரும்புவாரா என்பதை வயதைவிட, அடிபடுமுன் உடம்பில் மிச்சமிருந்த தெம்புதான் சரியாகச் சொல்லும். தானே கடைக்குப் போய்வந்த 84 வயதுக்காரர் இடுப்பெலும்பு முறிந்தும் தேறிவிடுகிறார். மாதக்கணக்கில் இளைத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்த 67 வயதுக்காரருக்கு மூன்று விலா எலும்பு முறிந்தாலே நிமோனியா வந்துவிடுகிறது. வலிக்குப் பயந்து இரும மாட்டார், சளி தேங்கிவிடும்.

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் உருவான, 1 முதல் 9 வரை போகும் நலிவு அளவுகோலை நாங்கள் பயன்படுத்துகிறோம்; எண் கூடக்கூட நலிவு அதிகம். அதற்கு வேண்டியது அடிபடுவதற்கு இரண்டு வாரத்துக்கு முந்தைய நிலை. கட்டிலில் முனகுகிறவரைப் பார்த்து எண் போடக் கூடாது (எங்கள் இளம் டாக்டர்களுக்கும் இதைச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்). வீட்டார்தான் சொல்ல வேண்டும். கேட்டால், "நன்றாகத்தான் இருந்தார்கள்!" டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து வந்த ஒரு மகனும் அதையேதான் சொன்னார். பின்னால் நின்ற பேத்தி மெல்லச் சொன்னாள்: வளையல் நழுவுகிறதென்று ஆயா நூல் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார், தீபாவளிக்குப் பிறகு மாடிப்படி ஏறவே இல்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

உண்மையைச் சொன்னால் கைவிட்டுவிடுவோம் என்று பயந்து மறைக்காதீர்கள், தயவுசெய்து. நலிந்தவர் என்று தெரிந்தால்தான் முதல் நாளிலிருந்தே சாப்பாடு, வலி மருந்து, மூச்சுப் பயிற்சி, எழுப்பி உட்காரவைப்பது எல்லாவற்றிலும் கூடுதல் கவனம் வைப்போம். ராத்திரியில் புத்தி தடுமாறினாலும் உடனே கவனிப்போம்.

மாத்திரைகளை அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள். "ஒரு வெள்ளை மாத்திரை" என்றால் எனக்கு என்ன புரியும்? அட்டெனலால் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தாலும் நாடி வேகமெடுக்காமல் இருக்கலாம். 65 தாண்டியவருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் 110-க்குக் கீழே போனாலே எங்களுக்குக் கவலை. வழுக்கும் மிதியடிகளைத் தூக்கிப் போடுங்கள். மின்வெட்டுக்குத் தலையணையருகே ஒரு டார்ச் வையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் இடித்துக்கொண்டால், வீக்கம் இல்லாவிட்டாலும், பேச்சு தெளிவாக இருந்தாலும், பனாடோ வலி மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே கூட்டி வாருங்கள்.