மீட்டிங்கைக் கூட்டினால் முதிர்ச்சி வராது

மறுபடியும் அதே கோரிக்கை: "சாஃப்ட்வேர் டீம் இரண்டு நாட்டில் பிரிந்து கிடக்கிறது, வேலை நகரவே மாட்டேன் என்கிறது. தினமும் இன்னொரு வீடியோ கால் வைத்துவிடலாமா?" தயவுசெய்து வேண்டாம். இருக்கிற கால்களிலேயே பாதியை எடுத்துவிடுங்கள்.

பேசாததால்தான் வேலை தேங்குகிறது என்ற நம்பிக்கையை விட்டால்தான் மற்றதெல்லாம். 10 மணி நேர வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 900 வரியில் ஒரு புல் ரிக்வெஸ்ட் (தன் கோடு மாற்றத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். விளக்கத்தில் "பக் ஃபிக்ஸ்" என்ற இரண்டே சொல். ரிவ்யூ செய்பவர் "இந்த டேட்டாபேஸ் டேபிளில் புது இண்டெக்ஸ் எதற்கு?" என்று கேட்கிறார். பதில் மறுநாள். அதைப் படித்து அடுத்த கேள்வி. அதற்கு இன்னொரு நாள். நான்கு கேள்விக்கு நான்கு நாள். அதற்குள் எல்லோர் கோடும் சேரும் மெயின் பிராஞ்ச் எங்கேயோ போயிருக்கும், இரண்டு பேர் மாற்றம் ஒரே இடத்தில் மோதும் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வேறு. பொறுமை இழந்து ஒரு கால் போட்டு, நான்கு பேர் வாய்வார்த்தையாக முடிவெடுக்கிறார்கள். அந்நேரம் தூங்கிக்கொண்டிருந்த ஐந்தாமவர் அடுத்த மாதம் அந்த இண்டெக்ஸைத் தூக்கிவிடுகிறார். அவர்மேல் என்ன தப்பு? முடிவு எங்கும் எழுதப்படவில்லையே!

ஆகவே எழுதுங்கள். பெரிய ஆவணம் தேவையில்லை. என்ன முடிவு, ஏன், எந்த மாற்றுவழியை ஏன் ஒதுக்கினோம், தேதி: ஒரு பக்கம் போதும். அது கோடு இருக்கும் ரெப்போவிலேயே இருக்கட்டும். சாட்டில் புதைந்த முடிவு, எடுக்காத முடிவுதான்.

புல் ரிக்வெஸ்ட் 200 வரிக்குள் இருக்கட்டும். 400-ஐத் தாண்டினால் பிரியுங்கள். பாதி முடிந்த வேலையை ஃபீச்சர் ஃப்ளாகுக்கு (ஒரு வசதியை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) பின்னால் மறைத்து மெர்ஜ் செய்யலாம். என்ன மாற்றம், ஏன், எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். ரிவ்யூ செய்பவர் எல்லாக் கேள்வியையும் ஒரே சுற்றில் கேட்கட்டும். எது கட்டாயம், எது வெறும் யோசனை என்று குறிக்கட்டும். சின்னத் திருத்தம்தான் பாக்கி என்றால் அப்ரூவ் கொடுத்துவிட்டே சொல்லலாம். இடைவெளி, அரைப்புள்ளிச் சண்டையெல்லாம் கோடைத் தானே ஒழுங்காக அடுக்கும் ஃபார்மேட்டர் பார்த்துக்கொள்ளும்; மனிதர்கள் அதில் ஒரு நாளைத் தொலைக்கக் கூடாது.

டெவலப்மென்ட் ஒரு நாட்டில், டெஸ்டிங் இன்னொரு நாட்டில் என்று பிரிப்பதுதான் இருப்பதிலேயே மோசம். ஒவ்வொரு பக்கும் கடல் தாண்டிப் போய் வரும். ஒரு நிறுவனத்தின் பேச்சுவார்த்தை அமைப்பே அது உருவாக்கும் சிஸ்டத்தின் அமைப்பிலும் தெரியும் என்று மெல்வின் கான்வே 1968-லேயே எழுதிவிட்டார். ஒரு மாட்யூலை எழுதுவது, சோதிப்பது, பயனர்கள் கையில் ஓடும் புரொடக்‌ஷனில் பார்த்துக்கொள்வது மூன்றும் ஒரே இடத்து டீமிடம் இருக்கட்டும்.

செயல்முறை முதிர்ச்சிச் சான்றிதழைக் காட்டி "நாங்கள் ஐந்தாம் நிலை" என்பவர்களிடம் ஒரே கேள்வி: டீம் லீட் ஒரு வாரம் லீவில் போனால் ரிலீஸ் போகுமா? போகாதென்றால், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் எஸ்இஐ (சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் இன்ஸ்டிட்யூட்) வகுத்த ஐந்து முதிர்ச்சி நிலைகளில் நீங்கள் இருப்பது முதலாவது. தனிமனிதர்களின் அசுர உழைப்பை நம்பி ஓடுவதைத்தான் அந்த நிலை குறிக்கிறது.

அளக்கத்தான் வேண்டுமென்றால்: எவ்வளவு அடிக்கடி டெப்ளாய் செய்கிறீர்கள் (புதுக் கோடைப் பயனர்களுக்கு ஏற்றுகிறீர்கள்), ஒரு கமிட் (சேமித்த கோடு மாற்றம்) புரொடக்‌ஷனுக்குப் போக எவ்வளவு நேரம், எத்தனை டெப்ளாய் கோளாறில் முடிகிறது, மீள எவ்வளவு நேரம். கூடவே முதல் ரிவ்யூ வர எவ்வளவு நேரம் என்பதையும் பாருங்கள். சராசரியை நம்பாதீர்கள், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) பாருங்கள்; ஒரு வாரம் கிடந்த ஒரே ரிக்வெஸ்ட் சராசரியையே புரட்டிவிடும். இதை வைத்து ஆட்களுக்கு மார்க் போட்டீர்களோ, அடுத்த மாதமே எண்கள் அழகாகிவிடும், வேலை அப்படியே இருக்கும்.

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் டெப்ளாய் செய்யவே செய்யாதீர்கள். ரோல்பேக் செய்யும் (பழைய பதிப்புக்குத் திரும்பும்) கட்டளை ரன்புக்கில் (வழிமுறைக் குறிப்பேட்டில்) எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அதை ஓட்டும் பெர்மிஷன் இரு பக்கமும் இருக்க வேண்டும். லாக் (சர்வர் பதிவு) நேரம் எல்லா சர்வரிலும் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்.

தவிர்க்கவே முடியாத அந்த ஒரு மீட்டிங்குக்கு எப்போதும் ஒரே பக்கத்து ஆட்களை ராத்திரி 11 மணிக்கு உட்கார வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை நேரத்தை மாற்றுங்கள். குறிப்பை அன்றே எழுதி வையுங்கள், வர முடியாதவர் காலையில் படித்து மறுப்புச் சொல்ல ஒரு முழு வேலைநாள் கொடுங்கள்.